குறையவே குறையாத மழை

என் அக்கா கோபப்பட்டால் அன்றைய விஷயத்தோடு நிறுத்த மாட்டாள். நான் பிறந்ததிலிருந்து செய்த அத்தனையையும் கூட்டிக்கொண்டு வந்துதான் முடிப்பாள். அப்படிப்பட்டவளிடம் ஒரு மழைப் படத்தால் வசமாக மாட்டிக்கொண்டேன்.

வானிலை அலுவலகத்தில் எனக்குப் படம் போடும் வேலை. காற்று, வெப்பம், மழை எல்லாவற்றையும் வானிலையைக் கணிக்கும் கணினி மாடல் முன்கூட்டியே எண்களாகக் கொண்டுவந்து கொட்டும். பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய என் நிரலுக்குள் அவற்றை விட்டால் மணிக்கொரு வரைபடம் வரும். மழை கூடினால் நீலம் கருக்கும். அக்காவைக் கேட்டால், நான் சம்பளம் வாங்கிக்கொண்டு கலர் அடிக்கிறவள்.

நான் மாட்டிக்கொண்டதற்கு மறுநாள் அவள் புது வீட்டுக்கு மேல்தளம் போடுவதாக இருந்தது. பலகை அடித்து, கம்பி கட்டி எல்லாம் தயார். கான்கிரீட் கொட்டிய கையோடு பெருமழை பிடித்தால் சிமென்ட் கரைந்து மொத்தமும் பாழ். வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையில் மாமா, இரண்டு பிள்ளைகள், தையல் மெஷின் எல்லாவற்றோடும் அவள் படும் பாடு எனக்குத் தெரியும். அதனால் அவள் கேட்காமலே, அந்த வாரம் வந்திருந்த புது மாடலின் தரவை என் பழைய நிரலில் போட்டுப் பார்த்தேன். விடியும்போது வெளிர்நீலம், கொஞ்ச நேரத்தில் கருநீலம். அதன்பின் ராத்திரி வரைக்கும் அந்தக் கருநீலம் அசையவே இல்லை. உடனே போன் செய்து, நாளைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சற்று நேரத்தில் அவளே திரும்பக் கூப்பிட்டாள். இப்போது விட்டால் அடுத்த மாதம்தான் என்று மேஸ்திரி கையை விரித்துவிட்டாராம். என்னைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய ஜாமெட்ரி பாக்ஸை நான் தொலைத்தது, அவள் கல்யாணத்தன்று பெட்டிச் சாவியைத் தொலைத்தது என்று ஒன்றையும் விடவில்லை. எல்லாம் கூடிக்கொண்டே போயிற்றே தவிர ஒன்றும் கழியவில்லை. நான் உம் கொட்டியபடி திரையில் இருந்த அந்தப் பிடிவாத நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று பொறி தட்டியது.

"அக்கா, கொஞ்சம் இரு. நீ எங்கேருந்து கூட்டிக்கிட்டு வர்றே?"

"முதல்லேருந்துதான். ஏன், எதையாவது விட்டுட்டேனா?"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு புது மாடலின் விளக்கக் குறிப்பைத் திறந்தேன். அதேதான். பழைய மாடல் அந்தந்த மணியில் பெய்த மழையை மட்டும் சொல்லும். புதியது ஆரம்பத்திலிருந்து பெய்ததையெல்லாம் கூட்டிச் சொல்கிறது, அச்சு அசல் என் அக்கா. மழை நின்ற பிறகும் கூட்டுத்தொகை அப்படியே இருக்காமல் என்ன செய்யும்? ஒவ்வொரு மணியிலிருந்தும் முந்தைய மணியைக் கழிக்கச் சொல்லி ஒரே ஒரு வரி சேர்த்தேன். காலைக்குப் பின் படம் முழுக்க வெள்ளை, சொட்டு மழை இல்லை. சந்தோஷத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்து மேஜைத் தாடிக்காரர், சம்பளம் ஏறிவிட்டதா என்று விசாரித்தார்.

விவரத்தைச் சொன்னதும் அக்கா திட்டுவதை விட்டுவிட்டு, அப்போ எப்ப போடலாம் என்று மட்டும் கேட்டாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"காலையில பெஞ்சு விட்டுடும்க்கா. அதுக்கப்புறம் போடச் சொல்லு."

"சரி. மேஸ்திரிகிட்ட சொல்றேன்," என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு மனையில் போய் நின்றேன். விடிந்ததும் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. மேஸ்திரி வானத்தைப் பார்த்தார், மாமா மேஸ்திரியைப் பார்த்தார், அக்கா என்னையே பார்த்தாள். நான் போனில் இருந்த படத்தைப் பார்த்தேன். பிறகு தூறலாகி, அதுவும் நின்று, பளிச்சென்று வெயில் வந்தது. கலவை மெஷின் கடகடவென்று சுற்ற ஆரம்பித்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் வேலை முடிந்தது. அக்கா தளத்தை ஏணியிலிருந்து எட்டிப் பார்த்து நெடுநேரம் ரசித்தாள். இறங்கி வந்து என் பக்கத்தில் செங்கல் குவியல் மேல் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நாளையிலேருந்து ஒரு வாரம் தளம் காயாம தண்ணி ஊத்தணுமாம். என்னால குடம் குடமா தூக்க முடியாதுடி. மழை எப்ப வரும்னு ஒரு படம் போட்டுச் சொல்லு."