உறை கழற்றாத மெத்தை

என் மகன் திருமுருகனுக்குப் புதுப் பொருளின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றினால் உயிரே போய்விடும். வாங்கி நாலு வருடமான டிவி ரிமோட் இன்னும் உறைக்குள்தான் இருக்கிறது. பைக் சீட்டின் உறை கந்தலாகித் தொங்குகிறது. பாடி மேம்பாலத்தடியில் லாரி இடித்து என் கால்கள் இரண்டும் செயலிழந்த பிறகு, சக்கர நாற்காலிக்கு நல்ல மெத்தையாகத்தான் வாங்கிவந்தான். அதையும் உறையோடுதான் போட்டான்.

உட்கார்ந்தால் வியர்த்துக் கொட்டியது. அரை மணிக்கொரு தரம் மெத்தை என்னையும் இழுத்துக்கொண்டு முன்னால் வழுக்கியது. மகனார் அதற்கும் வைத்தியம் கண்டுபிடித்தார். பழைய புடவையால் என்னை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினார். சந்தைக்குப் போகிற கோழி மாதிரி இருந்தேன்.

"அந்தக் கவரைக் கிழிடா" என்றேன்.

"இன்னாம்மா நீ! புதுசாவே இருந்தாதானே பின்னால வித்துக்கலாம்?"

"பின்னாலன்னா எப்போ? நான் மேல பூட்ட பொறவா?"

அறிவாளி ஃபோனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை, கட்டிலில் இருந்தபடியே மெத்தையை மடிக்கு இழுத்து, காய் நறுக்கும் கத்தியால் உறையைக் கிழித்தேன். மெத்தையின் அடியில் இரண்டு வெல்க்ரோ பட்டைகள் இருந்தன. நாற்காலியில் வைத்ததும், அங்கே இருந்த பட்டைகளோடு பச்சக்கென்று ஒட்டிக்கொண்டன. இத்தனை நாளும் அவற்றை மூடி வைத்திருந்தது அந்த உறைதான்.

மெத்தை இப்போது அசைவதில்லை. நானும் இப்போதைக்குக் கிளம்புவதாக இல்லை என்று அவனிடம் சொல்லிவிட்டேன்.