புதன்கிழமை வந்த வண்டி

கல்முனை ஆசுபத்திரிக்கும் தெற்கே இன்னோர் ஊர் ஆசுபத்திரிக்கும் சேர்த்து ஒரே தாதி, ஊரார் 'மிஸி' என்றழைக்கும் யூஜினி. திங்கள் முதல் புதன் வரை இங்கே, மற்ற மூன்று நாள் அங்கே என்று இரண்டு டாக்குத்தர்களும் பேசி முடிவு செய்திருந்தார்கள். அவள் இல்லாத நாட்களில் முஸ்லிம் பெண்கள் பெரும்பாலும் வருவதில்லை. ஆண் டாக்குத்தரிடமோ, மருந்து கொடுக்கும் அப்போதிக்கரியிடமோ உடம்பைக் காட்ட அவர்களுக்கு மனமில்லை. அதனால் வார்டு கழுவும் றாஹிலாவுக்குப் பிள்ளைப்பேறு பார்க்க ஆறு மாதமாகக் கற்றுக்கொடுத்திருந்தாள் யூஜினி.

புதன் பின்னேரம் அவள் பஸ்ஸுக்குப் புறப்படும்போது, திரை கட்டிய மாட்டுவண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. முத்தலிப் குதித்திறங்கினான்.

"மிஸி, பொஞ்சாதிக்கு நோவு தொடங்கிட்டு. இண்டைக்கு நிக்க ஏலாதா?"

"அங்கயும் ரெண்டு பேர் நோவோட கிடக்காங்க, தம்பி. றாஹிலா பார்ப்பா."

திரைக்குள்ளிருந்து ஸுல்பிகா முனகினாள். "தரை கழுவுறவவா? வேணாம், வண்டியத் திருப்புங்க."

யூஜினிக்குக் கால் எழவில்லை. இன்று நின்றால் இனி றாஹிலாவை யாரும் நம்பப்போவதில்லை.

"திருப்புங்க," என்றாள் றாஹிலா. "போன வெள்ளி உங்கட மச்சிக்குப் பிள்ளைப்பேறு ஆரு பார்த்த? மிஸி பார்த்தா எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறாவாம். வெள்ளியில மிஸி எங்க இஞ்ச இரிந்தா?"

திரை மெல்ல விலகியது.

பிறகு வளையல் கையொன்று வெளியே வந்து றாஹிலாவின் தோளைத் தேடிப் பிடித்தது. அந்தத் தோள் அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் யூஜினி பஸ் ஏறினாள்.