பின்சீட்டில் அத்தை

வண்டி வாங்குவது அத்தைக்காக. அதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

அவருக்கு முதுகெலும்பில் தட்டு விலகி ஆபரேஷன் ஆன பிறகு, வாரத்தில் இரண்டு நாள் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பிசியோதெரபிக்குப் போகவேண்டியிருந்தது. ஆபரேஷன் செய்த டாக்டர் அங்கேதான் இருந்தார். பழைய காரில் போய் வந்தால் அன்று முழுக்க அத்தை படுத்தே கிடப்பார். மாமா தேவநாதன் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனி வைத்திருக்கிறார். ஒருநாள் மாடிக்கு ஏறி வந்து சொன்னார்.

"அலுங்காம கொண்டுபோற மாதிரி ஒரு பெரிய வண்டியா பாருங்க மாப்ள. வெல என்னா இருந்தாலும் இருந்துட்டுப் போவுது. உங்க பேர்லயே வாங்கிடலாம்."

நான் மெக்கானிக்கல் படித்தவன். ஆகவே பார்க்கும் வேலை என்னுடையது.

என் மனைவி சந்திரலேகாவின் முதல் திவசம் அப்போதுதான் முடிந்திருந்தது. காய்ச்சல் என்று படுத்தவள் எழவில்லை. அத்தைக்கும் மாமாவுக்கும் ஒரே பெண். அவர்கள் வீட்டு மாடியில் நாங்கள் குடியிருந்தோம். நான் காலி செய்யவில்லை, அவர்களும் கேட்கவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன். சோற்றில் உப்பு கூடவா குறைவா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அத்தைக்கும் எனக்கும் நேர்ப்பேச்சு எப்போதுமே குறைவு. மாப்பிள்ளையிடம் குறை சொல்லக்கூடாது என்று வளர்ந்தவர். சந்திரலேகா இருந்தவரை, அவர் சொல்ல நினைத்தது அவள் வழியாக எனக்கு வரும். "நீ ராத்திரியில தடதடன்னு படி ஏறுறது அம்மாவுக்குத் தூக்கம் கெடுதாம்" என்பாள். நான் மெதுவாக ஏறத் தொடங்குவேன். இப்போது அந்த வழி இல்லை. நான் எதைக் கேட்டாலும் அத்தையிடம் இரண்டே பதில்கள். "நல்லாயிருக்குது மாப்ள." அல்லது "பரவால்ல மாப்ள."

சனிக்கிழமை காலை புதுச்சேரி ஷோரூமிலிருந்து வண்டியை வீட்டுக்கே ஓட்டிவந்தாள் வினோதினி. ஜெர்மன் வண்டி. கறுப்பு. எங்கள் தெருவில் அது பாதியை அடைத்துக்கொண்டது.

"இது ஸ்போர்ட் பேக்கேஜ் உள்ள வண்டி சார். டெமோவுக்கு இப்ப இதுதான் இருக்கு" என்றாள்.

"ஸ்போர்ட்டுன்னா? உள்ள பேட்டும் பந்தும் வெச்சிக் குடுப்பீங்களா?" என்றார் மாமா.

"அது இல்ல சார். ஸ்டியரிங், சீட்டு, வீலு, பிரேக்கு, சஸ்பென்ஷன் எல்லாமே வேற."

"அப்ப அதெல்லாம் இல்லாத வண்டிய இன்னொருத்தன் தலையில கட்டுவீங்களா?"

வினோதினி சிரித்துவிட்டாள். அத்தை வாசற்படியில் கைத்தாங்கலாக இறங்கிக்கொண்டே, "காலையிலியே அந்தப் பொண்ண ஓட்டாதீங்க. ஐஸ் கம்பெனியில குந்திக் குந்தி மூளையும் ஒறஞ்சி போச்சு இந்த மனுசனுக்கு" என்றார். மாமாவிடம் அத்தைக்கு வார்த்தைப் பஞ்சம் கிடையாது.

அன்று பிசியோதெரபி நாள். சிதம்பரம் போய் வருவதையே டெஸ்ட் டிரைவாக வைத்துக்கொண்டோம். நான் ஓட்டினேன். மாமா பக்கத்தில். பின்னால் அத்தையும் வினோதினியும்.

ஆலப்பாக்கம் வரை நான் எதையும் உணரவில்லை. லாரிகள், மினி பஸ், பால்காரர்கள். அதன்பின் நான்குவழிச் சாலை திறந்து கிடந்தது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன். வண்டி முன்னால் பாயவில்லை. சாலைதான் எங்களை நோக்கிப் பாய்ந்து வந்ததுபோல் இருந்தது. தடித்த ஸ்டியரிங்கில், சாலையின் சொரசொரப்பு உள்ளங்கைக்கு ஏறியது. வளைவில் வண்டி சாயவில்லை. இருக்கை இரண்டு பக்கமும் விலாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. என் உடம்பு எங்கே முடிகிறது என்பது எனக்கு வெகுநாளைக்குப் பிறகு தெரிந்தது.

"சூப்பரு மாப்ள" என்றார் மாமா, கதவோரம் பிடித்துக்கொண்டு.

புதுச்சத்திரம் தாண்டி ஒரு சின்னப் பாலம். பாலமும் சாலையும் சேரும் இடத்தில் ஒரு மேடு. வண்டி அதில் ஏறி இறங்கியபோது அடி நேராகத் தண்டுவடத்தில் விழுந்தது. பின்னால் மூச்சை உள்ளே இழுக்கும் ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தேன். அத்தை கதவுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்திருந்தார். கண்கள் மூடியிருந்தன.

எனக்கு விஷயம் தெரியும். ஸ்பிரிங் கெட்டியானது, பெரிய வீல் என்பதால் டயரின் ரப்பர் விளிம்பு மெல்லியது. குழியின் அடியை வாங்கிக்கொள்ள நடுவில் எதுவும் இல்லை. உட்கார்ந்திருப்பவரின் முதுகுதான் வாங்கவேண்டும். இதை நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

"அத்தை, ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டேன்.

"நல்லாயிருக்குது மாப்ள. நீங்க ஓட்டுங்க."

அவர் வேறு எதுவும் சொல்லமாட்டார் என்று தெரிந்துதான் கேட்டேன். அந்தப் பதில் எனக்கு வேண்டியிருந்தது. கிடைத்ததும் வைத்துக்கொண்டேன்.

"கம்ஃபர்ட் மோட்ல போட்டுப் பாருங்க சார்" என்றாள் வினோதினி பின்னாலிருந்து. போட்டேன். அடி கொஞ்சம் குறைந்தது. ஆனால் ஸ்டியரிங் இளகிவிட்டது. கையில் எதுவும் தெரியவில்லை. கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மறுபடி ஸ்போர்ட்டுக்கே மாற்றினேன். கண்ணாடியை மட்டும் பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன்.

சிதம்பரத்தில் அத்தையை உள்ளே விட்டுவிட்டு எதிரே டீக்கடையில் நின்றோம். பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்த கூட்டம் வண்டியைச் சுற்றிக்கொண்டு போனது. ஓர் ஆட்டோக்காரர் நின்று வீலைக் குனிந்து பார்த்தார். மாமா மீசையைத் தடவிக்கொண்டார்.

"சரி, சாதா வண்டி எப்ப கெடைக்கும்?" என்று கேட்டார்.

"அது புக் பண்ணி ரெண்டு மூணு மாசம் ஆகும் சார். ஸ்போர்ட் ஸ்டாக்ல இருக்கு. அடுத்த வாரமே எடுத்துக்கலாம். விலைதான் ஜாஸ்தி."

"அந்த ஜாஸ்திக்கு அது தகுமா? நீங்க சொல்லுங்க மாப்ள."

டீயைக் குடித்து முடித்தேன். காரணங்கள் என்னிடம் ஒழுங்காக வரிசையில் நின்றன. பிரேக் நன்றாக இருக்கிறது, அது பாதுகாப்பு. உடனே கிடைக்கிறது, அத்தை இன்னும் மூன்று மாதம் பழைய காரில் கஷ்டப்பட வேண்டாம். சாலையும் இப்போது நன்றாகத்தான் இருக்கிறது. எல்லாமே உண்மை.

"தகும் மாமா" என்றேன்.

"அவளுக்கு முதுகுக்கு?"

"கேட்டேனே மாமா. நல்லாயிருக்குதுன்னாங்க."

மாமா தலையாட்டினார். வினோதினி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தாள். எதுவும் சொல்லவில்லை. விற்கிறவள் ஏன் சொல்லப்போகிறாள்?

அத்தை வெளியே வந்தார். வண்டியின் படியில் ஒரு காலை வைத்தார். மறுகாலைத் தூக்கவில்லை. கதவைப் பிடித்தபடி அப்படியே நின்று மூச்சு வாங்கினார். நாங்கள் பார்க்கிறோம் என்று தெரிந்ததும் சட்டென்று ஏறி உட்கார்ந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஒனக்கு எப்படிம்மே இருக்குது வண்டி?" என்றார் மாமா.

"எனக்கு என்னா தெரியும்? மாப்ளைக்குப் புடிச்சிருந்தா சரி."

நான் சாவியை வினோதினியிடம் கொடுத்தேன். "நீங்க ஓட்டுங்க. நான் பின்னால உக்காந்து பாக்குறேன்."

அத்தையின் வலியில் பங்கெடுப்பதற்காக ஏறவில்லை. அவ்வளவு நல்லவன் இல்லை நான். பின்னால் அப்படியொன்றும் மோசமில்லை என்று எனக்கு நானே காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

மாமியார் பக்கத்தில் மாப்பிள்ளை உட்காருவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அத்தை கதவோடு கதவாக ஒடுங்கிக்கொண்டார். கைப்பிடியைப் பிடிக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டார். வினோதினி என்னைவிட மெதுவாகத்தான் ஓட்டினாள். அப்படியும் சாலையின் ஒவ்வொரு இணைப்பும், ஒவ்வொரு சிறு பள்ளமும் இருக்கைக்கு வந்து சேர்ந்தது. முன்னால் சுகமாக இருந்த அதே விஷயம் பின்னால் வெறும் உதை. அத்தையிடமிருந்து ஒரு சத்தம் இல்லை. நான் பக்கத்தில் இருப்பதால் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருக்கிறார் என்பது கொஞ்ச நேரத்தில் புரிந்தது. போகும்போது வினோதினி பக்கத்தில் இருந்தாள், முனகவாவது முடிந்திருக்கும். நான் ஏறி உட்கார்ந்து அதையும் பிடுங்கிக்கொண்டேன்.

முட்லூர் தாண்டி, வண்ணம் போடாத ஒரு வேகத்தடை. வினோதினி கடைசி நொடியில்தான் பார்த்தாள்.

"அம்மாடீ!"

அத்தையின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. நகம் பதிந்தது.

"மெதுவா போவச் சொல்லுங்க மாப்ள. உசுரு போவுது."

வினோதினி வண்டியை ஓரம் கட்டினாள். மாமா திரும்பிப் பார்த்தார். அத்தை கையை எடுத்துக்கொண்டார்.

"போகும்போதும் இப்படித்தான் இருந்துச்சா அத்தை?"

"ஆமா."

"சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? நீங்க பாட்டுப் பாடிக்கிட்டு வந்தீங்க."

"நானா?"

"வாய்க்குள்ளயே. லேகா போனதுக்கு அப்புறம் நீங்க நாலு வார்த்த சேத்துப் பேசி நான் கேட்டதில்ல. சரி, இருந்துட்டுப் போவுதுன்னு பல்லக் கடிச்சிக்கிட்டேன்."

எனக்கு நினைவே இல்லை. என்ன பாட்டு என்றும் கேட்க முடியவில்லை. அவள் போய் ஒரு வருஷம்தான் ஆகிறது. அவளுடைய அம்மா பின்னால் வலியில் துடிக்க, நான் முன்னால் பாடிக்கொண்டு போயிருக்கிறேன்.

"நான் கண்ணாடியில பாத்தேன் அத்தை. நீங்க கைப்புடிய புடிச்சிருந்தத."

"தெரியும் மாப்ள" என்றார். "நீங்க பாத்தத நானும் பாத்தேன்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

மாமா முன்பக்கம் திரும்பிக் கண்ணாடிக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே நாற்று நட்ட வயலும் ஒரு டிராக்டரும் தவிர ஒன்றுமில்லை.

"சாதா வண்டிய புக் பண்ணிக்குங்க" என்றேன் வினோதினியிடம்.

"வீல் மட்டும் சின்னதா மாத்திக் குடுத்தா கொஞ்சம்..."

"வேண்டாம். அது வரட்டும்."

அத்தை விடவில்லை. "எனக்காவ மாத்தாதீங்க. நான் முன்சீட்டுல ரெண்டு தலகாணி போட்டுக் குந்திக்கிறேன். மாப்ளைக்குப் புடிச்சத வாங்குங்க."

"ஆமா, முன்சீட்டுல நீ தலகாணி, பின்னால நான் மூட்ட" என்றார் மாமா. "சும்மா இரும்மே. மாப்ள சொல்லிட்டாரு."

டீக்கடையிலும் நான்தான் சொன்னேன். அதையும் அவர் அப்படியே ஏற்றுக்கொண்டிருப்பார்.

மீதித் தூரத்தை ஊர்ந்துதான் கடந்தோம். சைக்கிள்கூட எங்களை முந்தியது. அத்தை இப்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் வாய்விட்டு முனகிக்கொண்டு வந்தார். நான் கேட்டுக்கொண்டே வந்தேன்.

வீட்டில் இறக்கிவிட்டு வினோதினி கிளம்பும்போது, "சாரி சார்" என்றாள். எதற்கென்று சொல்லவில்லை. தெருமுனையில் திரும்பும்போது அந்த எஞ்சின் ஒருமுறை உறுமியது. வாசலில் நின்று அது தேயும்வரை கேட்டேன். யாரும் பார்க்கவில்லை என்பதை உறுதிப்படுத்திக்கொண்டுதான் உள்ளே வந்தேன்.

அத்தை கூடத்துக் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார். மாமா ஐஸ் கம்பெனிக்குப் போய்விட்டார். நான் மாடிப்படியில் கால் வைத்தபோது குரல் வந்தது.

"மாப்ள."

"சொல்லுங்க அத்தை."

"வென்னீர்ப் பைய கொஞ்சம் ரொப்பிக் குடுக்குறீங்களா? எழுந்திரிக்க முடியல."

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டதில்லை.

"ரொம்பக் கொதிக்க வெக்காதீங்க. தோலு சுட்டுடும்" என்றார் மறுபடி.

சமையலறையில் பாத்திரம் எங்கே என்று தேடி எடுத்தேன். தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டு நின்றேன். புதுச்சத்திரத்துக்கு முன்னால் வரும் அந்த நேர்ச்சாலை மனதில் ஓடியது. உள்ளங்கையில் அந்தச் சொரசொரப்பு இன்னும் இருந்தது. சட்டையில் கையைத் துடைத்தேன். போகவில்லை. போகவேண்டும் என்று நான் விரும்பினேனா என்பதும் தெரியவில்லை.

பாத்திரத்தின் விளிம்பில் குமிழ்கள் எழுந்தன. அடுப்பை அணைத்தேன். கொஞ்சம் ஆறட்டும் என்று காத்திருந்தேன்.