அதே பக்கம், அதே பத்தி

"ஐயோ, அதை உருவாதே! மேஜை சாஞ்சிடும்!"

கோர்ட்டு நூலக அக்கா கத்தி முடிப்பதற்குள் இளம் வக்கீல் உருவிவிட்டாள். மேஜை ஒரு பக்கமாகத் தொப்பென்று இறங்கியது. விளிம்பை நோக்கி வழுக்கிய டீ கிளாஸை அக்கா பாய்ந்து பிடித்தாள். உருவியவள் எதையும் பார்க்கவில்லை. வக்கீல் கோட்டோடு தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, மேஜைக் காலுக்கு முட்டாகக் கிடந்த பொட்டலத்தின் பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"வந்த பொட்டலத்தை ஃபைல்ல கோக்காம மேஜைக்குச் செருப்பு மாட்டி விட்டிருக்கீங்களே, அக்கா! இதுல என் உயிர் இருக்கு."

"ஒருத்தி எத்தனையைத்தான் கோக்குறது? அது பாட்டுக்குக் குட்டி போட்டுக்கிட்டே இருக்கு!"

குட்டி போடுவது, வாடகைச் சட்ட விளக்கவுரை. பெயருக்குத்தான் அது புத்தகம். உண்மையில் வளையம் போட்ட தடித்த ஃபைல். சட்டம் மாறும்போதெல்லாம் பதிப்பகத்திலிருந்து புதிய தாள்கள் வரும். பழைய தாளைக் கழற்றிப் போட்டுவிட்டு அதே இடத்தில் புதியதைக் கோர்க்க வேண்டும். பக்க எண் மாறாது, பத்தி எண் மாறாது, உள்ளே இருக்கும் சங்கதி மட்டும் தலைகீழாகியிருக்கும். கதவு இலக்கம் அதேதான், குடியிருப்பவர் வேறு. அதனால்தான் இதை மேற்கோள் காட்டுகிறவர்கள், எந்தத் தேதி வரை புதுப்பித்தது என்று கூடவே ஒரு வரி எழுத வேண்டும். சட்டக் கல்லூரியின் பாலபாடம். அவள் எழுதவில்லை.

காலையில் அதற்குத்தான் மாட்டிக்கொண்டாள். அவளுடைய கட்சிக்காரி ஒரு தையல்காரம்மா. ஆஸ்பத்திரியில் தாய்க்குத் துணையாக இருந்துவிட்டுத் திரும்பியபோது கடைக் கதவில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ், பக்கத்திலேயே புதுப் பூட்டு. ஒட்டினால் போதும், கையில் கொடுக்கத் தேவையில்லை என்று கீழ்க் கோர்ட்டு, கடையை வாடகைக்கு விட்ட கட்டிடக்காரர் பக்கம் தீர்ப்பளித்துவிட்டது. இன்று மேல்முறையீடு. நோட்டீஸ் கையில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று விளக்கவுரையின் நாற்பத்திரண்டாம் பத்தியைக் காட்டி அவள் வாதாடினாள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். அவளுடைய சொந்த அக்கா புருஷன். அதே விளக்கவுரை, அதே பத்தி, அதன் நகலை நீட்டினார். 'ஒட்டினாலே போதும்' என்றது அது.

"கீழ்க் கோர்ட்டும் இதைத்தான் சொல்லுது, நூலும் இதைத்தான் சொல்லுது. ரெண்டும் தனித்தனியா ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கு" என்றார் இனிப்பாக.

நீதிபதி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "நீங்க காட்டுறது எந்தத் தேதி வரைக்கும் புதுப்பிச்சதும்மா?"

அவள் தன் நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சாப்பாட்டுக்கு அப்புறம் வாங்க. தேதியோட வாங்க."

தேதி மட்டும்தான் சிக்கல் என்றால் அவளுக்கு இந்த ஓட்டம் வேண்டாம். அத்தானின் நகலில் இன்னொன்று உறுத்தியது. வாக்கியம் முடிகிற இடத்தில் எறும்பளவு ஒரு எண் இருந்தது. அந்த எண்ணுக்கான அடிக்குறிப்பு மட்டும் இல்லை. பத்தி முடிந்ததோடு நகலும் முடிந்திருந்தது. எந்தத் தீர்ப்பை நம்பி நூல் இப்படிக் குட்டிக்கரணம் போட்டது? உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு என்றால் கதை கந்தல். நூலக ஃபைலில் பழைய தாள்தான் இருந்தது. அவளை ஏமாற்றிய அதே தாள்.

பொட்டலம் பிரிந்தது. வழுவழுப்பான தாள்கள் மடியில் சரிந்தன. விரலை எச்சில் தொட்டுத் தள்ளினாள். ஒத்திச் சட்டம், முன்பணம், பழுதுபார்ப்பு... நோட்டீஸ். நாற்பத்திரண்டு. அத்தான் எழுத்துப் பிசகாமல்தான் காட்டியிருந்தார். பார்வையைக் கீழே இறக்கி, பக்கத்தின் அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தாள்.

இன்னொரு தரம் படித்தாள்.

"என்னடி, பேயடிச்ச மாதிரி உட்கார்ந்துட்டே?" என்றாள் நூலக அக்கா.

அவள் தாளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். அவள் இடித்ததில் மேஜை இன்னொரு தடவை ஆடியது.

நடைபாதை பெஞ்சில் அத்தான், தையல்காரம்மாவின் பக்கத்தில் மருமகனைப் போல் பணிவாக உட்கார்ந்திருந்தார். அம்மாவின் மடியில் ஒரு தாள், கையில் அத்தானின் பேனா.

"அத்தான்! என்னைத் தாண்டி என் கட்சிக்காரங்ககிட்ட என்ன பேச்சு?"

"நீதான் தரையில உருண்டுட்டு இருந்தியாமே. கோட்டைத் தட்டும்மா, மாவு மில்லுலேருந்து வந்த மாதிரி இருக்கு." சிரித்தார். "நல்லதுதான் பேசுறேன். கேஸை வாபஸ் வாங்கட்டும், உள்ளே இருக்கிற மெஷினை நாளைக்கே எடுத்துக்கட்டும். தோத்துப்போய் வெறுங்கையோட போறதுக்கு இது தேவலை இல்லியா, மச்சினி? ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தா உங்கக்கா முகத்துல நானும் முழிக்கணும்."

"விட்டுடும்மா" என்றாள் தையல்காரம்மா. "மெஷின் கிடைச்சா எந்த மூலையிலயும் உட்கார்ந்து மிதிச்சுக்குவேன்."

"மெஷின் சரி, அந்தச் சுவரு?"

தைக்க வருகிறவர்களின் அளவையெல்லாம் தையல்காரம்மா பென்சிலால் கடைச் சுவரில்தான் எழுதுவாள். பிள்ளையாக வந்தவர்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். தோள், மார்பு, இடுப்பு என்று தெருவே அந்தச் சுவரில் வளர்ந்து பெருத்திருந்தது. மெஷினைத் தூக்கிக்கொண்டு போகலாம். சுவரை எப்படித் தூக்குவது? பேனா தாளின் மேல் நின்றது.

தையல்காரம்மாவின் கையிலிருந்து பேனாவை அவள் மெல்ல வாங்கி அத்தானின் சட்டைப்பையில் செருகினாள்.

"உங்க நகல்ல அடிப்பக்கம் ஏன் இல்லை, அத்தான்?"

"மெஷின்ல அவ்வளவுதான் விழுந்துச்சு." அவர் காதைச் சொறிந்துகொண்டார். வீட்டில் அவள் அக்காவிடம் பொய் சொல்லும்போதும் அவர் காதைத்தான் சொறிவார். சும்மா இருக்கும்போதும் சொறிவதுண்டு.

"தனித்தனியா வந்து சேர்ந்துச்சுன்னு சொன்னீங்களே. ரெண்டு சாட்சி இல்ல, அத்தான். ஒரே சாட்சிதான். சட்டையை மாத்திட்டு வந்திருக்கு."

தாளின் மேல் மூலையில் அச்சாகியிருந்த தேதியைத் தன் வாதக் குறிப்பில் எழுதினாள். நீதிபதி இதை எப்படி எடுத்துக்கொள்வாரோ, அதை யார் கண்டார்கள்? பிறகு தாளைத் தையல்காரம்மாவின் மடியில் வைத்தாள்.

"படிங்க. கீழே, பொடியா இருக்கிறது. அந்தப் பத்திக்கு இருக்கிற ஒரே ஆதாரம் அதுதான்."

அம்மா ஊசி கோர்க்கிறவளைப் போல் தாளைக் கண்ணருகே கொண்டுபோனாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல், எழுத்தெழுத்தாக நகர்ந்தது. அத்தான் எட்டிப் பார்த்தார். அவருடைய சிரிப்பு நின்றது.

"கட்டிடக்காரர் பேரு போட்டிருக்கு... எதிர்..." விரல் தயங்கியது. "ஏம்மா, இது என் பேரு மாதிரி இருக்கே?"

"உங்க பேருதான். உங்களை வெளியே போகச் சொன்ன, இன்னைக்கு நாம எதிர்த்து நிக்கிற அதே கீழ்க் கோர்ட்டுத் தீர்ப்புதான் அது."

அம்மா விரலை எடுக்கவில்லை. உள்ளேயிருந்து கோர்ட் சேவகர், அதே பெயரை நடைபாதை அதிரக் கூப்பிட்டார்.