முதல் தட்டும் போணியும்

கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை போன பிறகு மத்திகிரியில் சர்ச் ஹாலில் நடந்த சுயதொழில் பயிற்சியில் சேர்ந்தேன். கற்றுக்கொடுத்த தங்கமணி டீச்சர் தங்கமானவர்தான், ஆனால் பிடித்தால் பிடித்த பிடி. பயிற்சி முடித்தவர்களுக்குத் தள்ளுவண்டி தருவார்கள். ஒரே நிபந்தனை, தினமும் முதல் தட்டைக் காசில்லாத ஒருவருக்குக் கொடுத்துவிட்டுத்தான் வியாபாரம். "முதல் பங்கு கடவுளுக்கு, வினோதா. அதை அவர் பசிச்சவங்க கையால வாங்கிக்குவார்" என்பார். தவறினால் வண்டி அடுத்த பெண்ணுக்குப் போய்விடும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. போணி ஆவதற்கு முன் சும்மா கொடுத்தால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும் என்று இவருக்கு யார் சொல்வது?

கம்பெனி கேட்டுக்கு எதிரே களியும் கீரைக் கடைசலும் போட்டேன். இலவசத் தட்டுக்கு ஆளும் கிடைத்தார், பழைய பிளாஸ்டிக் பொறுக்கும் கோவிந்தப்பன். அந்த மனிதர் என்னைவிட மோசம். "மொதல்ல போணி ஆவட்டும்மா. என்னால ஒன் யாவாரம் கெட்டா அந்தப் பாவம் எனக்கெதுக்கு?" என்று மூட்டையோடு மதில் ஓரமாக நிற்பார். யாராவது காசு கொடுத்துச் சாப்பிட்ட பிறகுதான் தட்டைத் தொடுவார். எங்கள் இருவருக்கும் அது ஒத்துப்போயிற்று.

யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். ஒரு நாள் காலையில் டீச்சரே ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். "முதல் தட்டு யாருக்குப் போகுதுன்னு பாக்கத்தான் வந்தேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கென்று பார்த்து மெயின் ரோட்டில் லாரி கவிழ்ந்து கம்பெனி பஸ் ஒன்றும் வரவில்லை. களி ஆறிக்கொண்டிருந்தது. டீச்சர் என்னைப் பார்த்தார். நான் கோவிந்தப்பனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"கூப்பிட்டுக் குடேன், வினோதா."

வேறு வழியில்லாமல் தட்டை நீட்டினேன். "வாங்க பெரியவரே."

"போணி ஆவட்டும்மா."

"போணிய பாத்தா வண்டி போயிரும். வந்து வாங்குங்க." இந்த வண்டியும் போனால் நானும் பிள்ளைகளும் என்ன செய்வோம் என்று பயந்துவிட்டேன்.

கோவிந்தப்பன் மூட்டையை இறக்கி வைத்தார். சட்டைப் பையைத் துழாவி ஒரு ரூபாய் எடுத்து, வேட்டியில் துடைத்து என் கையில் வைத்தார். "இந்தா, போணி. இப்ப குடு."

கை தானாகவே காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. தட்டைக் கொடுத்தேன்.

"என்ன வினோதா, காசு வாங்கிட்ட?" என்றார் டீச்சர் கோபமாக.

நான் போணி விஷயத்தை ஒன்று விடாமல் சொன்னேன். களியைப் பிட்டுப் பிட்டுக் கீரையில் தோய்த்து விழுங்கிக்கொண்டிருந்த கோவிந்தப்பனையே டீச்சர் பார்த்திருந்தார்.

"பெரியவரே, வேற காசு வெச்சிருக்கீங்களா?"

"அதான் போணிக்குக் குடுத்துட்டனே" என்றார் அவர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பர்ஸைத் திறந்தார்.

"வண்டி ஒன்கிட்டயே இருக்கட்டும். எனக்கு ஒரு தட்டு வை, காசு வாங்கிக்க."