இரண்டாவது மூக்கு

பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்து உதறினாள் பெரியவள். லாவெண்டரும் ரோஜாவும் கலந்த எண்ணெய், கழுவும் தொட்டிக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கியது. சீக்கிரம் இறங்கித் தொலையேன்! வெளியே வரவேற்பறையில் பல் டாக்டரின் குரல் கேட்டுவிட்டது. மாடிப்படியில் சின்னவளின் செருப்புச் சத்தம் ஏறிக்கொண்டிருந்தது.

காலியான பாட்டிலில் அலமாரியிலிருந்த யூகலிப்டஸ் எண்ணெயைக் கடகடவென்று ஊற்றினாள். ஊற்றிய வேகத்தில் பாதி மேசையில் வழிந்தது. துடைத்தாள். மூடியைத் திருகினாள். லேபிளில் சின்னவளின் முத்து முத்தான கையெழுத்து. அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

கதவு திறந்தபோது பெரியவள் ரொம்ப அக்கறையாகக் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, டாக்டர் வந்தாச்சு, பாட்டில் எங்க?"

"மேசை மேலதானே இருக்கு. கண்ணு என்ன பின்னாடியா இருக்கு?"

"கோவத்தைப் பாரு!" என்று சிரித்தபடி பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினாள் சின்னவள். அறை முழுக்க யூகலிப்டஸ் மூக்கைத் துளைத்துக்கொண்டிருந்தது. அவள் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவசரத்தில் கவனிக்கவில்லை போலிருக்கிறது, தப்பித்தோம் என்று பெரியவள் மூச்சு விட்டாள்.

இருவரும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். வீட்டில் ஒட்டிக்கொண்ட பெயர் வேலை செய்யும் இடத்துக்கும் கூடவே வந்துவிட்டது. கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே மூக்கு வழியாகவே வைத்தியம் பார்க்கும் இந்த அரோமாதெரபி நிலையம். பெரியவள் இங்கே பல வருஷமாக எண்ணெய் கலக்குகிறாள். 'வீட்டுல சும்மா உக்காந்திருக்க போரடிக்குதுக்கா' என்று சின்னவள் சொன்னபோது, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்துவிட்டதும் அவள்தான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட நாள் அது.

இப்போது வருகிறவர்களெல்லாம் "சின்ன மேடம் இருக்காங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். வீட்டில் மாமியாருக்குத் தலைவலி வந்தால் 'சின்னவளைக் கூப்பிடு'. போன வாரம் கட்டின புருஷனே சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "சின்னவ கை பட்டா எல்லாமே மணக்குதுப்பா" என்றான். அன்றைக்குக் குழம்பு வைத்தது பெரியவள்.

இவர்கள் நிலையத்துக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது 'விடுதல்' என்கிற ஒரு பயிற்சி. மன்னிக்க முடியாத ஆளை நெஞ்சில் சுமந்துகொண்டு வருவார்கள். அவர்களுக்கென்றே ஒருத்தி கலந்து, இன்னொருத்தி எதிரே நின்று மோந்து பார்த்த எண்ணெயைக் காகிதப் பட்டையில் தொட்டுக் கொடுப்பார்கள். கண்ணை மூடி மோந்து, அந்த ஆளின் பெயரைச் சொல்லி, மூச்சை விடும்போது "விட்டுட்டேன்" என்று சொல்ல வேண்டும். "மன்னிக்கிறது அவங்களுக்காக இல்ல, உங்க நெஞ்சு பாரம் எறங்கறதுக்கு" என்பார் நிலையத்தை நடத்தும் மேடம். ஊழியர்களும் காலையில் வந்ததும் இதைச் செய்தாக வேண்டும். பெரியவளும் செய்வாள். தினமும் சின்னவளின் பெயரை முணுமுணுத்து மன்னிப்பாள். சின்னவள் உள்ளே வந்து "குட் மார்னிங்க்கா" என்றதும் மன்னிப்பை வாபஸ் வாங்கிக்கொள்வாள்.

இன்றைக்கு விஷயம் பெரிது. மேடம் புதுக் கிளை திறக்கப்போகிறார். பல் டாக்டரின் கட்டடத்தில்தான் இடம். கிளைக்கு யார் பொறுப்பு என்று சாயங்காலம் சொல்லிவிடுவார். பெரியவளா, சின்னவளா? டாக்டரின் பயிற்சி சொதப்பினால் சின்னவளின் சீட்டு கிழிந்தது. அதற்குத்தான் யூகலிப்டஸ்.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் மேடத்தோடு போய் நின்றுகொண்டாள் பெரியவள். உள்ளே சாய்வு நாற்காலியில் பல் டாக்டர். ஊரையே வாயைத் திறக்க வைக்கிற அந்தம்மா தன் வாயை மட்டும் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். தன் கல்யாணத்துக்கு வராத அண்ணனோடு வருஷக்கணக்காகப் பேச்சில்லை. அந்த அண்ணன்தான் இன்றைக்கு இறக்கி வைக்க வேண்டிய பாரம்.

சின்னவள் பட்டையில் எண்ணெயைத் தொட்டு நீட்டினாள். பெரியவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அப்போது சின்னவள் எதற்கோ கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். பெரியவளைப் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் ஒரு கணம் வெளிறியது.

டாக்டர் மோந்தார். முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா இது? யூகலிப்டஸா?" ஒலிபெருக்கியில் குரல் கரகரத்தது.

சின்னவள் விழித்தாள். நிஜமாகவே விழித்தாள். அப்புறம் சமாளித்துக்கொண்டு, "ஆமா டாக்டர். இன்னும் ஒரு தடவை மோந்து பாருங்க" என்றாள் மெதுவாக.

டாக்டர் மறுபடி மூக்கருகே கொண்டுபோனார். இந்த முறை பட்டை கீழே இறங்கவில்லை. தோள்கள் குலுங்கத் தொடங்கின. "சின்ன வயசுல எனக்கு எப்பப் பாத்தாலும் சளி... கைக்குட்டையில இதைத் தொட்டுத் தலைகாணி பக்கத்துல வெச்சுட்டுப் போவான்... அந்த மடையன்..." அதற்குமேல் அழுகைதான் வந்தது. அழுது முடித்து, அண்ணன் பெயரைச் சொல்லி, "விட்டுட்டேன்" என்றார். பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார்.

"பாத்தியா!" என்று பெரியவளின் தோளைப் பிடித்து உலுக்கினார் மேடம். "யூகலிப்டஸ்! யாருக்குத் தோணும்? எப்படி மாத்தினான்னே தெரியல!"

விஷம் வைக்கப் போனால் அது அவளுக்கு அமுதமாகிவிட்டது! பெரியவளுக்குத் தொண்டைக்குள் நெருப்பு இறங்கியது. உள்ளே போன மேடத்திடம் சின்னவள், "கடைசி நிமிஷத்துல மாத்திட்டேன் மேடம்" என்று கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊற்றியது நான், பெயர் அவளுக்கா?

நெருப்பு கொஞ்சம் தணிந்ததும் மூளை வேலை செய்தது. 'யூகலிப்டஸா' என்று டாக்டர் கேட்டபோது அவள் ஏன் அப்படி விழித்தாள்? பாட்டிலைத் திறந்தவள் அவள். பட்டையில் தொட்டவள் அவள். சளி பிடித்த குழந்தைக்குக்கூடத் தெரியும் வாசனையாயிற்றே! எண்ணெய் வழிந்த அறைக்குள் வந்தபோதும் ஒன்றும் கேட்கவில்லையே?

அவளுக்கு வாசனையே தெரியவில்லையா?

மத்தியானம் சாப்பாட்டு அறையில் சின்னவள் மேசையில் உட்கார்ந்து ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த டோஸ்டரில் இரண்டு துண்டு ரொட்டியைச் செருகி, சூட்டைக் கடைசிவரை திருகிவிட்டு வெளியே வந்தாள் பெரியவள். கதவிடுக்கில் கண்ணை வைத்தாள். ரொட்டி சிவந்தது. கறுத்தது. தீய்ந்த நெடி நடைவரை வந்து வரவேற்புப் பெண்ணே தும்மினாள். சின்னவள் ஆப்பிளின் விதையை நிதானமாக நோண்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

பெரியவள் நேராக மேடத்தின் அறைக்குப் போனாள். நடக்கவில்லை, மிதந்தாள்.

"மேடம், சொல்லவே சங்கடமா இருக்கு. என் ஓரகத்திதான், இல்லேங்கல. ஆனா நம்ம நிலையத்தோட பேரு இருக்கே. அவளுக்கு மூக்கு வேலை செய்யல."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன உளர்ற? இத்தனை பேருக்கு அவ கலந்து கொடுத்த எண்ணெய்?"

"அது எப்படின்னு தெரியல. ஆனா நெருப்பு பிடிச்சாக்கூட அவளுக்குத் தெரியாது மேடம். வேணும்னா சோதிச்சுப் பாருங்க."

மேடம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "சரி. நீயே மூணு பட்டையில மூணு எண்ணெய் தொட்டுக் கொண்டா. எது எதுன்னு உனக்கு மட்டும் தெரிஞ்சா போதும். என்கிட்டகூடச் சொல்லாத."

ஒன்றில் எலுமிச்சை, ஒன்றில் ரோஜா, ஒன்றில் சந்தனம். மூன்றும் நிறத்தில் ஒன்றுபோலத் தெரிய ஒரே மாதிரி பட்டைகள். மேசையில் வரிசையாக வைத்துவிட்டு மேடத்தின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள் பெரியவள். சின்னவள் எதிரே வந்து உட்கார்ந்தாள். உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"இதுல ரோஜா எதும்மா?" என்றார் மேடம்.

சின்னவள் முதல் பட்டையை எடுத்து மோந்தாள். எலுமிச்சை. பெரியவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. சொல்லு, இதுதான்னு சொல்லு! சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள், பட்டையைக் கீழே வைத்தாள். மூன்றாவதை எடுத்தாள். சந்தனம். இன்னும் நல்லது, இதையே சொல்லித் தொலை! மறுபடி நிமிர்ந்தாள், வைத்தாள். நடுவில் இருந்ததை எடுத்தாள். பெரியவள் பல்லைக் கடித்தாள்.

"இதுதான் மேடம் ரோஜா" என்றாள் சின்னவள்.

மேடம் வாங்கி மோந்தார். பெரியவளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் பச்சை மிளகாய் இருந்தது. "மூக்கு வேலை செய்யலையா? அவளுக்கு மூக்கு நல்லாத்தான் இருக்கு. உனக்குத்தான் கண்ணு சரியில்ல."

பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது.

"புதுக் கிளைக்கு இவதான் பொறுப்பு" என்றார் மேடம். "ஆனா இன்னொண்ணையும் கேட்டுக்கோ. இப்ப இல்ல, நேத்தே இவகிட்ட பேசிட்டேன். ஒரே ஒரு கண்டிஷன் போட்டா. அக்காவும் கூட வந்தாத்தான் போவாளாம். உன்னை விட்டுட்டு ஒரு பாட்டிலைக்கூடத் திறக்க மாட்டாளாம். நீ என்னடான்னா அவ மூக்கையே அறுக்கப் பாக்குற."

அறையை விட்டு எப்படி வெளியே வந்தாள் என்று பெரியவளுக்கே தெரியாது. மாடிப்படியில் பாதி இறங்கி, அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கீழே கண்ணாடிக் கடையில் யாரோ எழுத்துகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சின்னவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பாட்டிலை மாத்தினது நீதானேக்கா?"

பெரியவள் புடவைத் தலைப்பை முறுக்கினாள்.

"எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமாடி மேடம்கிட்ட சொல்லல? போட்டுக் கொடுத்திருந்தா இன்னிக்கே என்னைத் துரத்தியிருப்பாங்களே!"

"எதுக்குச் சொல்லணும்? நீ போயிட்டா நான் என்ன பண்றது?"

பெரியவள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். வட்ட முகம். நெற்றியில் வியர்வை. இத்தனை நாளாக இந்த முகத்தைப் பார்த்தால் வயிறு எரியும். இன்று தேடித் தேடிப் பார்த்தும் அந்த எரிச்சல் அகப்படவில்லை. தன்னைக் கவிழ்க்க நினைத்தவளைக் கூடவே கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறாளே, இவளை என்ன செய்வது? கண் தளும்பியது. எத்தனையோ காலைகளில் சொல்லியும் ஒட்டாத அந்த வார்த்தை, எண்ணெயும் இல்லாமல் பட்டையும் இல்லாமல் தானாக வந்தது.

"விட்டுட்டேன்டி" என்றாள். சின்னவளின் கன்னத்தைத் தொட்டாள். "சத்தியமா சொல்றேன். எல்லாத்தையும் விட்டுட்டேன். இனிமே உன்மேல எனக்கு ஒரு பொறாமையும் கிடையாது."

சின்னவள் சந்தோஷப்படவில்லை. பெரியவளின் முகத்தை உற்றுப் பார்த்தாள். கண்களில் பீதி கூடிக்கொண்டே போனது.

"ஐயோ அக்கா, அப்படிப் பாக்காத."

"எப்படி?"

"இப்படிச் சாந்தமா. பழையபடி பாரு. கடுகடுன்னு பாரேன், உன் கால்ல விழறேன்!"

"உனக்கு என்ன பைத்தியமா?"

சின்னவள் மேலேயும் கீழேயும் பார்த்தாள். யாரும் இல்லை. குரலை அடக்கிக்கொண்டாள்.

"நீ சொன்னது நிஜம். போன மழைக்கு வந்த காய்ச்சலோட என் மூக்கு செத்துப்போச்சு. ரோஜாவும் ஒண்ணுதான், சாக்கடையும் ஒண்ணுதான். உன் கொழுந்தனுக்கே தெரியாது."

"அப்ப இத்தனை நாளா எப்படிடி கலந்தே? இப்ப ரோஜாவை எப்படிக் கண்டுபிடிச்சே?"

"ஒருத்தர் கலந்தா இன்னொருத்தர் மோந்து பாக்கணும், ஆனா கலந்து முடியற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது, ரெண்டாவது மூக்குன்னு மேடம் ஒரு சட்டம் வெச்சிருக்காங்கல்ல? எனக்கு எப்பவும் எதிர்ல நிக்கிறது நீதான். ஒவ்வொரு சொட்டு விட்டதும் பட்டையை உன்கிட்ட நீட்டுவேன். கலவை மோசமா இருந்தா உன் மூஞ்சி அப்படியே மலரும். இன்னிக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு மலர்ந்தியே, அந்த மாதிரி. நல்லா வர வர மூஞ்சி சுருங்கும். என்னைக் கடிச்சுத் துப்புற மாதிரி எப்ப பாக்கிறியோ, அந்தச் சொட்டோட நிறுத்திடுவேன்கா."