சின்னவள் பிடித்த கோள்

வானாய்வு நிலையத்தில் வேலை பார்த்த அக்காள் தங்கை இருவரில் சின்னவள் ஒரு கோளைப் படம்பிடித்த மறுநாள் காலை, எலுமிச்சம்பழ அளவில் அந்தக் கோளே அவர்கள் சமையலறைக்கு வந்து, அவள் தோளருகே சிவப்பாகத் தொங்கியது. எரிவாயு உருளை மாட்ட வந்தவர், குழாய்ப் பக்கம் அதை விடாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. பதினோரு ஆண்டுகளாகப் பிரகாசமான நட்சத்திரங்களின் கண்கூசும் ஒளியை மறைத்து மறைத்து, பக்கத்தில் ஒரு புள்ளியாவது தெரியாதா என்று தேடியவள் அவள். சின்னவளோ யாரும் சீண்டாத பழுப்புக் குள்ளன் ஒன்றைப் பார்த்தாள். நட்சத்திரம்போலப் பிறந்தும், நின்று எரிய எடை போதாமல் மங்கிப்போன ஒன்று. அதன் ஒளி குறைவு என்பதால், அருகிலிருந்த ராட்சதக் கோள் முதல் தடவையே படத்தில் விழுந்துவிட்டது. அந்தக் குள்ளனை வேண்டாமென்று பட்டியலிலிருந்து அடித்தவளே பெரியவள்தான். நிலையத்தில் எல்லோருக்கும் அது தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லாததுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

தங்கையோடு பேச்சை நிறுத்தினாள். கோளை அலுமினியப் பாத்திரம் போட்டு மூடிப் பார்த்தாள், பாத்திரம் உருகியது. ஈரத்துணி சுற்றி ஜன்னலுக்கு வெளியே தள்ளினாள். உள்ளங்கை வெந்ததுதான் மிச்சம். மருந்து போட்டுவிட்டவள் சின்னவள். அதையும் பெரியவளால் பொறுக்க முடியவில்லை. ஒரே வீடு, ஒரே வேலை, ஒரே பேருந்து. இருவரும் போகுமிடமெல்லாம் கோளும் கூடவே போய்வர, ஆறு ஆண்டுகள் ஓடின.

சின்னவளுக்குத் தொலைதூரத்தில் வேலை கிடைத்தது. பெட்டியோடு அவள் வாடகைக் காரில் ஏறினாள். கோள் ஏறவில்லை. பெரியவளின் பக்கத்திலேயே நின்றது.

"எப்பவோ அளந்து பாத்துட்டேன்க்கா," என்றாள் சின்னவள். "முதல் நாள்லேருந்தே இது உன்னைத்தான் சுத்துது. நான் பக்கத்துல நின்னேன், அவ்வளவுதான்."

"அப்போ நான்தான் அந்த மங்கிப்போன குள்ளனா?"

"அது எனக்குத் தெரியாது. எனக்குப் பொறாமையா இருந்துச்சு. அதனாலதான் இத்தனை வருஷமா சொல்லல."

பெரியவள் வெந்த தழும்புள்ள கையால் தங்கையின் கன்னத்தைத் தொட்டாள். கார் கிளம்பியது.

மறுவாரம் நிலையத்தில், கோளின் சூட்டில் தீப்பிடித்துவிடக்கூடாதென்று அவள் மேஜையருகே இருந்த ஜன்னல் திரைச்சீலையைக் கழற்றிவிட்டார்கள். குளிர்காலம் வந்ததும் சக ஊழியர்கள் ஒவ்வொருவராக வந்து அவள் பக்கத்தில் நின்று குளிர்காய்ந்துவிட்டுப் போனார்கள்.